தவிட்டுக்கு வாங்கியவள்

இன்னும் பேர் வைக்காததால்தான் இது உயிரோடு இருக்கிறது என்று நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. தோன்றியதும் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தேன். இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் சுவரோரம் சாய்ந்து, பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே கூடத்தில் நாற்காலிகளை இழுக்கிறார்கள். யாரோ சாம்பிராணி போட்டிருக்கிறார்கள், கதவிடுக்கு வழியாகப் புகை வருகிறது, புகை இதற்கு ஆகுமா, மூச்சுக்குழாய் எவ்வளவு சின்னது, ஜூஸ் குடிக்கிற குழலைவிடச் சின்னது, எழுந்து போய் இடுக்கில் துண்டை அடைக்கலாம், எழுந்தால் வாய் விலகும், விலகினால் அழும், அழுதால் அண்ணி வருவார், வந்தால் கேட்பார். கேட்பதற்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பேர் சூட்டல், பேர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சுவரில் ஜிகினாத் தாளில் 'பெயர் சூட்டு விழா' என்று ஒட்டி, அதற்குக் கீழே பேர் வருவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்கு வந்தவர், "பேர் சொல்லுங்க சார், எழுத்து வெட்டணும்," என்று இவரிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த இடத்தில் நாலு பலூனைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். இவர் என்றால் என் கணவர், இளம்பரிதி. "நீ சொல்றது எனக்குப் புரியுது சுகந்தி, அப்பா சொல்றதும் புரியுது," என்பார். புரிந்துகொண்டே இருப்பார். வேறொன்றும் செய்ய மாட்டார்.

குடிப்பதை நிறுத்திவிட்டது. விரலின் பின்பக்கத்தை மூக்கடியில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு லேசாகச் சூடு, ஆமாம், சூடுதான், என் விரலின் சூடா அதன் மூச்சின் சூடா, விரலை எடுத்து ஊதிக் குளிர்வித்து மறுபடி வைக்கிறேன், மூச்சுதான். தூங்கிவிட்டது. உதடு சிவப்பாக இருக்கிறது, நகம் நீலமில்லை, வேந்தனுக்கு நகம்தான் முதலில் மாறியது, அதைப் பார்த்தவள் நான்தான், எல்லாரும் குளிர் என்றார்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நகம் ஏன் நீலமாகும் என்று எனக்குத் தெரியும். இதயத்தில் ஓட்டை இருந்தது, அவன் என் வயிற்றில் இருக்கும்போதே இருந்தது, பேர் வைப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே இருந்தது, ஆகவே வேந்தன் என்று பேர் வைத்த அதே வாரம் அவனுக்கு மூச்சு முட்டியதற்கும் பேருக்கும் சம்பந்தம் இல்லை. அதற்கு முன்னால் யாழ்நங்கை. அவளுக்குப் பிறக்கும் முன்பே பேர். இவருடைய அப்பா, மாமா வைத்தார், வயிற்றைப் பார்த்தே எல்லாரும் கூப்பிட்டார்கள், யாழ்நங்கை எப்படி இருக்கா, யாழ்நங்கைக்கு மாதுளம்பழம் கொடு. ரத்தத்தில் கிருமி. அதுவும் தெரியும், எந்தக் கிருமி என்றுகூடத் தெரியும், கண்ணாடித் தட்டில் எப்படி வளரும் என்று தெரியும். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. இரண்டு காரணங்களையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்தால் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது, அந்த இடத்தில்தான் நான் குடியிருக்கிறேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பேர் ஒட்டாத குப்பி வந்தால் சோதிக்காமல் கொட்டிவிடுவோம், யாருடையது என்று தெரியாத ரத்தத்தை யாரும் தேடி வர மாட்டார்கள். இதன் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டையில்கூட என் பேர்தான் இருந்தது, சுகந்தியின் குழந்தை, அவ்வளவுதான். அந்தப் பட்டையை நான் இன்னும் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். இதைத் தேடி வருகிறவர்களுக்கு நான்தான் கிடைப்பேன்.

ஆனால் பேரில்லாமல் எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்று யோசித்தபோதுதான் அப்பாவின் பேர் நினைவுக்கு வந்தது. என் அப்பா பேர் குப்பன். பள்ளியில் கு. சுகந்தி என்று கூப்பிட்டு, அந்த கு-வுக்கு என்ன விரிவு என்று ஒரு டீச்சர் வகுப்பில் கேட்டு, நான் சொல்லி, பின்வரிசை சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதபோது அப்பா தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அவருக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் செத்தார்களாம். நாலாவது இவர். பிறந்ததும் கொண்டுபோய்க் குப்பை மேட்டில் போட்டார்களாம், இது வேண்டாத பிள்ளை, குப்பை, எடுத்துப் போக ஒன்றுமில்லை என்று எமனுக்குத் தெரியட்டும் என்று. பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துக்கொண்டாளாம். அவளிடம் ஒரு கைப்பிடித் தவிட்டைக் கொடுத்து அப்பாவைப் பெற்றவள் விலைக்கு வாங்கினாளாம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, குப்பையில் கிடந்த பிள்ளை, அதனால் குப்பன். "எமன் கணக்குல நான் குப்பை. உங்க டீச்சருக்கு அது தெரியாது," என்றார். அப்பா நகராட்சியில் தண்ணீர் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்தவர், மழையிலும் வெயிலிலும் நின்றவர், இன்றுவரை ஒரு மாத்திரை விழுங்கியதில்லை, பீடி வேறு. இது வயிற்றில் இருக்கும்போதே நான் தீர்மானித்துவிட்டேன். பையன் என்றால் குப்பன். பெண் என்றால் குப்பாயி. நான் எதையும் நம்புகிறவள் இல்லை. நம்ப வேண்டியதில்லை, வைத்தால் போதும்.

அப்பாவின் கதையோடு இதைச் சொன்ன அன்று சாப்பாட்டு மேசையில் யாரும் சிரிக்கக்கூட இல்லை, அண்ணி மட்டும்தான் சிரித்தார், நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து. அண்ணி இவருடைய அக்கா, பூங்கோதை. இரண்டு பக்கமும் எங்களுக்குத் தாய் இல்லை, அண்ணிதான் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து எனக்குப் பத்தியம் பார்த்தார், பூண்டு உரித்தார், எனக்குத் தலைக்கு ஊற்றினார். "குப்பாயியா? கார்ப்பரேஷன் வண்டி வர்றப்போ எல்லாம் பிள்ளைங்க இவளை வாசலுக்குக் கூப்பிடும்டி, ஏய் உன் கார் வந்திடுச்சுன்னு," என்றார். இவர் தண்ணீர் குடித்தார். மாமா எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். மாமா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறவாழி, சங்கத்துக்காரர், நேரம் காலம் பார்க்காதவர், எங்கள் கல்யாணத்தையே ராகு காலத்தில் வைத்து நடத்தியவர். உட்கார்ந்து, "என் பேரு என்ன தெரியுமா?" என்று கேட்டார். அறவாழி என்றார் அண்ணி. "அது நான் வச்சுக்கிட்டது. எனக்கு வச்ச பேரு மண்ணாங்கட்டி. எங்கப்பன் பேரு அமாவாசை. நாங்க வைக்கல. பண்ணையில வச்சாங்க. எங்க தெருவுல யாருக்குப் பிள்ளை பொறந்தாலும் பண்ணை வாசல்ல போய் நின்னு சொல்லணும், அவங்க வாய்க்கு என்ன வருதோ அதுதான் பேரு. எங்கம்மா எனக்கு என்ன பேரு நெனச்சு வச்சிருந்தாளோ, அவ சாகிற வரைக்கும் வாயைத் திறந்து சொல்லல. வேலையில சேர்ந்த மறுமாசம் நான் பண்ணுன முதல் காரியம் பேரை மாத்தினது. பெத்த பிள்ளைங்களுக்கே இன்னிக்கு வரைக்கும் சொல்லல." இவர் தம்ளரைக் கீழே வைத்தார். அண்ணி வாயில் புடவைத் தலைப்பு. "என் பேத்திக்கு நான் பேரரசின்னு வைக்கணும்னு நெனச்சேன். அது பிடிக்கலையா, வேற வை. அழகா எதுவேணா வை. ஆனா இதை மட்டும் வைக்காத. இதுக்குள்ள இருந்துதாம்மா நான் வெளியே வந்தேன்."

அப்போது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு. மண்ணாங்கட்டி. அவரும் பிழைத்திருக்கிறார். அப்பாவைப் போலவே கல்லு மாதிரி இருக்கிறார், சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, இந்த வயதில் மாடிப்படி ஏறி இறங்குகிறார், அமாவாசைகூட நெடுநாள் இருந்தார் என்றுதான் சொல்வார்கள். அவர் அவமானத்தைச் சொல்லிக்கொண்டிருக்க நான் அதை எடுத்து என் பக்கத்துச் சாட்சியாக எழுதிக்கொண்டிருந்தேன். யாழ்நங்கை, வேந்தன், இந்தப் பக்கம். மண்ணாங்கட்டி, குப்பன், அமாவாசை, அந்தப் பக்கம். பரிசோதனைக் கூடத்தில் இதை யாராவது கொண்டுவந்து காட்டினால் சிரிப்பேன், ஐந்து பேரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, அழகான பேர் வைத்த கோடிப் பேர் தெருவில் நடக்கிறார்கள். நடக்கட்டும். அவர்கள் என் வயிற்றில் பிறக்கவில்லை. அன்றிலிருந்து மாமா என்னிடம் பேசுவதைக் குறைக்கவில்லை, காலையில் வழக்கம் போல, "தூங்குனியாம்மா?" என்று கேட்கிறார், ஆனால் குழந்தையை எந்தப் பேராலும் கூப்பிடுவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை. பேரரசி என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கக்கூட பயம். சொன்னால் எங்கோ யாரோ திரும்பிப் பார்ப்பார்கள். பேரரசி, எவ்வளவு பெரிய பேர், கூரை மேல் ஏறி நின்று கை தட்டுகிற பேர். இப்போது சொல்லிவிட்டேனே. மனசுக்குள்தான், வாயால் இல்லை. மூக்கடியில் விரல். சூடு இருக்கிறது.

கதவு திறந்தது, அண்ணி. பட்டுப் புடவை, காதில் பென்சில், கையில் வெற்றிலை. "தூங்கிட்டாளா? நல்லது, அழாம இருப்பா. உன் அப்பா வந்துட்டாரு, கீழ நின்னு பீடி குடிச்சிட்டு இருக்காரு, வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கேன். நீ என்ன இன்னும் இந்த நைட்டியில? இந்தா, மயில்பச்சைப் புடவை. தலையைப் பார்றா, கிளிக்கூடு மாதிரி," என்று என் தலையைப் பின்னாலிருந்து அள்ளி முடிச்சுப் போட்டுக்கொண்டே, குரலை இறக்கினார். "சுகந்தி. காதுல சொல்றது நான். அத்தைதான் சொல்லணும், அது நம்ம வீட்டு முறை, அப்பாவே இதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்றதில்ல. இந்த வெத்தலையைச் சுருட்டி, மூணு தடவ. நீ எந்தப் பேரைச் சொல்றியோ அதைத்தான் நான் சொல்லுவேன். பெத்தவ நீ. ரெண்டையும் பறிகொடுத்தப்போ நான் பக்கத்துல இருந்தேன், எனக்குத் தெரியாதா? ஆனா எங்கப்பா முகத்தைப் பார்த்துக்கிட்டு அந்தப் பேரைச் சொல்றதுக்கு எனக்கு நாக்கு வரணும். வரலைன்னா என்னைத் திட்டாத." காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்து, ஐயோ இது வேறயா என்று கட்டிலில் போட்டுவிட்டு, "பந்திக்கு ஆள் எண்ணிட்டு இருந்தேன், நேரமாச்சு, புடவையைச் சுத்து," என்று போய்விட்டார். நாக்கு வராது. பேர் அவர் நாக்கில் நிற்கும், வெற்றிலைக்குள் நிற்கும், அதன் காதுக்குப் போகாது, பாதிப் பேர் வைத்தால் பாதிப் பாதுகாப்பா, நான் என்ன யோசிக்கிறேன்.

புடவை கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். செருமிவிட்டுத்தான் வந்தார், கதவருகே நின்றார், சம்பந்தி வீட்டில் எப்போதும் சுவரைத் தொடாமல் நிற்பார். வெள்ளைச் சட்டையில் புதுச் சட்டைக்கான ஊசித் துளைகள். கட்டிலில் கிடந்ததை எட்டிப் பார்த்து, "என் மாதிரி கறுப்பு," என்று சிரித்தார். பிறகு, "பூங்கோதைப் பொண்ணு சொல்லுச்சு. இன்னும் பேரு தீரலையாமே?" கொசுவத்தை எண்ணாமல் மடித்துக்கொண்டிருந்தேன். "சம்பந்தி பேரை எனக்கும் சொன்னாங்க. மண்ணாங்கட்டின்னு. மாப்பிள்ளைதான் சொன்னாரு. பஸ்ல வர்றப்போ அதையே நெனச்சுட்டு வந்தேன்," என்று நிறுத்தி, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தவிடெல்லாம் கிடையாதும்மா," என்றார். எது கிடையாது என்று கேட்டேன், எனக்குக் கேட்டுவிட்டது, இருந்தாலும் கேட்டேன். "தவிட்டுக்கு வாங்கினது. குப்பை மேட்டுல போட்டது. அதெல்லாம் கிடையாது. எனக்கு முன்னாடி மூணு செத்தது நெசம். எங்கம்மா எனக்கு வச்ச பேரு சுந்தரம். ஆறு வயசு வரைக்கும் நான் சுந்தரம். பண்ணை வீட்டுக்கு மாடு மேய்க்கப் போனேன், அங்க ஒரு பையன், அவன் பேரும் சுந்தரம். சுந்தரம்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புறானுங்கன்னு அந்தம்மா சொல்லுச்சு, இவனைக் குப்பன்னு கூப்பிடுன்னு. அவ்வளவுதான். சாயங்காலம் வந்து நான் அழுதேன். எங்கம்மா கூழு கிண்டிட்டு இருந்தா. அப்புறம் கிண்டிக்கிட்டே சொன்னா இந்தக் கதையை. உனக்கு மொதல்லயே அதான்டா பேரு, தவிடு குடுத்து வாங்கினேன்னு. நான் அழறதை நிறுத்திட்டேன். தினம் சொல்லச் சொல்லிக் கேப்பேன். அப்புறம் நெனச்சுப் பார்த்தேன், எங்க வீட்டுல ஏது தவிடு? இருந்தா தின்னிருப்போம்." ஏம்ப்பா எனக்கும் அதையே சொன்னே என்றேன். அவர் தன் கைகளைப் பார்த்தார். "நீ அழுதியே. வேற என்ன கையில இருந்துச்சு என்கிட்ட?" என்றார். பிறகு, "நீ எந்தப் பேரு வேணா வை. ஆனா அதை வச்சா காப்பாத்தும்னு வைக்காத. அது காப்பாத்துன பேரு இல்ல," என்று சொல்லிவிட்டு, மறுபடி குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் படாமல் வெளியே போனார்.

புடவை முந்தானை ஊசி கையிலேயே இருக்கிறது. குத்திக்கொள்ள வேண்டும், தோளில், குத்தினேன், விரலில் ஒரு சொட்டு, சப்பினேன், உப்பு. தவிடு இல்லை. எமன் வாசலுக்கு வந்து குப்பையைப் பார்த்துத் திரும்பிப் போகவில்லை, அவன் வரவே இல்லை, வந்தவள் பண்ணை வீட்டு அம்மா. நான் இதன் கழுத்தில் கட்ட வைத்திருந்த கயிறு எமனுக்கு எதிரான கயிறு இல்லை, மாட்டுக்குக் கட்டுகிற கயிறு. அப்படியானால் அப்பாவைக் காப்பாற்றியது எது, எதுவுமில்லை, அவர் பிழைத்தார், அவ்வளவுதான், மூன்று பேர் செத்தார்கள், ஒருவர் பிழைத்தார். எனக்கு இரண்டு பேர் செத்தார்கள். அடுத்த வாக்கியம் எங்கே இருக்கிறது. யாரிடம் இருக்கிறது. இத்தனை மாதமாக ஒரு கைப்பிடி இருந்தது, பேருந்தில் நிற்கும்போது மேலே தொங்குமே அது மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இப்போது கையைப் பார்த்தால் வெறும் காற்றைப் பிடித்திருக்கிறேன், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவேளை அப்பா இப்போது சொன்னதுதான் பொய்யா. சண்டையை முடிக்க, சம்பந்தி முகம் கோணாமலிருக்க. அழுகிறவர்களிடம் கையில் இருக்கும் கதையை எடுத்துக் கொடுக்கிற பழக்கம் அந்த வீட்டுக்கு உண்டே. ஆனால் இருந்தா தின்னிருப்போம் என்பதை யாராலும் இட்டுக்கட்ட முடியாது. விக்கல். இதற்கு விக்கல், தூக்கத்தில், நெஞ்சு தூக்கிப் போடுகிறது, பால் மேலேறிவிட்டதா, தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தடவுகிறேன், விக்கல் வந்தால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம், விக்கு, விக்கிக்கொண்டே இரு. விக்கல் நின்றுவிட்டது. ஏன் நின்றது. விரலை வைக்கிறேன்.

"சுகந்தி, வரலாமா?" என்று கதவுக்கு வெளியே மாமா. வாங்க மாமா என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினார், அவர் எப்போதும் என் அறைக்கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பேசுவார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பாக்கெட் புடைத்திருந்தது. அதிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார், எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "மாட்டுத் தீவனக் கடைக்குப் போனேன்," என்றார். "கால் கிலோ கேட்டா சிரிக்கிறான். மாடு எத்தனை சார்னு கேட்டான். ஒண்ணுன்னேன்." பொட்டலத்தின் மடிப்பிலிருந்து பழுப்பாகக் கொஞ்சம் அவர் சட்டையில் கொட்டியிருந்தது. எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தவிடு. "நான் இதையெல்லாம் ஒத்துக்கிறவன் இல்ல. உனக்குத் தெரியும். மேடையில ஏறி இதைக் கிண்டல் பண்ணிப் பேசியிருக்கேன். ஆனா வேந்தனைக் கொண்டுபோய் வச்சப்போ..." என்று சொல்லி, அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். "பேரு மட்டும் வேண்டாம்மா. பேரு ஒண்ணுதான் என்னால முடியல. மத்தது எல்லாம் செஞ்சுடுவோம். உங்கப்பாவுக்குச் செஞ்ச மாதிரியே. நான் எடுத்துக்கிறேன், நீ இதைக் குடுத்து வாங்கிக்க. யாருக்கும் தெரிய வேண்டாம், பூங்கோதைக்குத் தெரிஞ்சா என்னை உசுரோட விட மாட்டா." சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. மாமா, உங்களுக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது, தவிடே கிடையாது, கூழ் கிண்டிக்கொண்டே சொன்ன கதை. வாய்வரை வந்தது. இந்த மனிதர் தன் வாழ்நாள் பேச்சையெல்லாம் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு தீவனக் கடைக்கு நடந்து போயிருக்கிறார். நான் மட்டும்தான் விரலை வைத்துப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமாவும் இத்தனை நாளும் தூங்குனியாம்மா, தூங்குனியாம்மா என்று கேட்டது என்னைப் பற்றி இல்லை.

குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு கைப்பிடி அள்ளி அவருடைய இன்னொரு உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, எங்க பிள்ளைக்கு இவ்வளவுதானா?" என்றார். விளையாட்டாகச் சொல்லத்தான் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. இன்னொரு பிடி போட்டேன். அவர் இன்னும் கொடுக்கவில்லை, ஒரு கையில் தவிடு, ஒரு கையில் அது, அது விழித்துக்கொண்டு முஷ்டியைத் தூக்கித் தவிட்டுக்குள் விட்டது, அந்த ஒரு கணம் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது, கொடுக்கமாட்டாரோ, போதாது என்பாரோ, விலை போதாது என்று இரண்டு முறை சொல்லப்பட்டவள் நான். பொட்டலம் முழுவதையும் அவர் கையில் கவிழ்த்தேன், வழிந்து தரையில் கொட்டியது. குடுங்க மாமா என்றேன். "எடுத்துக்க. வாங்கினவ நீ. இனி உன்னோடது," என்று நீட்டினார். வாங்கினேன். அவர் தரையில் கொட்டியதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார், குழந்தை மாதிரி. கையில் இருந்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் மறுபடி சட்டைப் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

"ஆச்சா, தூக்கிட்டு வா," என்று அண்ணி கதவைத் தட்டினார். கூடம் முழுக்க ஆட்கள், மின்விசிறி, பலூன், சாம்பிராணி, யாரோ அல்வா தின்றுகொண்டிருந்தார்கள். அப்பா மூலையில் சுவரைத் தொடாமல் நின்றார். இவர் என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார், இரண்டையும் புரிந்துகொள்ளப் பார்த்தார். தொட்டிலில் கிடத்தினேன். கையை எடுக்க வேண்டும், எடுத்தேன், எடுத்த கையில் சூடு மிச்சம் இருந்தது. அண்ணி வெற்றிலையைச் சுருட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சொல்லும்மா, என்ன பேரு?" என்று கேட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது. கூடம் அடங்கியது. நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை, கைப்பிடி இல்லை, தவிடு இல்லை, எமன் கணக்கு இல்லை, காற்றில் நிற்கிறேன், இந்தப் பேரைச் சொன்னால் எங்கோ யாரோ திரும்பிப் பார்க்கட்டும், திரும்பிப் பார்த்தால் நான் இங்கேதான் நிற்கிறேன். "பேரரசி," என்றேன். முதல் தடவையாக வாயால். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. யாரோ கை தட்டினார்கள். அண்ணி ஒரு பெருமூச்சு விட்டு, தொட்டில் மேல் குனிந்தார், வெற்றிலையை அதன் காதருகே கொண்டுபோனவர் நின்றார். "என்னடி இது, மூஞ்சியெல்லாம்? மாவா? கன்னத்துல, நெத்தியில... நல்ல நாளும் அதுவுமா பிள்ளை மூஞ்சியைக்கூடத் துடைக்காம," என்று இடுப்பிலிருந்த தலைப்பை உருவினார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் கூட்டத்தின் பின்னாலிருந்து மாமாவின் குரல், சங்கக் கூட்டத்தில் பேசுகிற அதே குரல், சுவர்வரை போய் மோதியது.

"பூங்கோதை, துடைக்காத. அப்படியே இருக்கட்டும். நீ பேரைச் சொல்லு."